தயிர் உறையும் வண்டி

இன்று தாம்பரத்தில் கார் பார்க்கப் போயிருந்தேன். விற்பனையாளர், "சஸ்பென்ஷன் சூப்பர் மேடம், பள்ளமே தெரியாது" என்றார்.

"தயிர் உறையுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் விழித்தார். அவர்மேல் தப்பில்லை.

தொண்ணூறுகளில் என் கணவர், ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப்போக, படுக்கையும் அடுப்பும் வைத்து ஒரு டிரெய்லர் வீடு கட்டினார். முதல் பயணத்தில் வண்டலூர் தாண்டுவதற்குள் அரிசியும் மண்ணெண்ணெயும் ஒன்றாகிவிட்டன.

"இனிமே நான் வரலைங்க" என்றேன்.

மனிதர் அதைத் திருமுடிவாக்கம் பட்டறைக்கு இழுத்துப்போனார். "வெறும் பட்டை ஸ்பிரிங்தான் கீது சார், அதான் குதிக்குது" என்ற வெல்டர், இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் மாட்டிக் கொடுத்தார்.

நான் நம்பவில்லை. அடுத்த முறை கிளம்பும்போது, பாலில் உறை ஊற்றி டிரெய்லருக்குள் வைத்தேன்.

"பாண்டிச்சேரி போறதுக்குள்ள இது உறைஞ்சிருந்தா, அடுத்த லீவுக்கும் வரேன்."

வழியெல்லாம் ஜீப்பில் பின்பக்கமாகத் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். ஏரித் தண்ணீரில் படகு போல மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, எங்கள் வீடு எங்களைத் தொடர்ந்து மிதந்து வந்தது. அது தூங்கிக்கொண்டே வருகிறது என்று தோன்றியது.

பாண்டிச்சேரிக்குச் சற்று முன்னால் ஒரு சவுக்குத் தோப்பில் நிறுத்தி, பாத்திரத்தை வெளியே எடுத்து மூடியைத் திறந்தேன். தயிரில் ஒரு கீறல் இல்லை. மரங்களுக்கிடையே விழுந்த வெயில் அதன்மேல் அசையாமல் கிடந்தது.

அவர் கரண்டியோடு வந்தார். "இருங்க, கொஞ்ச நேரம் பார்த்துக்கறேன்" என்றேன்.

அன்று கடைசிவரை அதைக் கலைக்க மனசு வரவில்லை. வெறும் சோற்றை ஊறுகாயோடு சாப்பிட்டோம்.

மேனேஜரைக் கேட்டுச் சொல்வதாக விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். அதற்குள் உங்களில் யார் காரிலாவது தயிர் உறைந்தால் சொல்லுங்கள், அதையே வாங்கிவிடுகிறேன்.