மீன் செதுக்கிய கல்

முதாசிர் பாய்க்கு வார நாட்களில் தாம்பரத்தில் கண்ணாடிக் கடை. ஞாயிறானால் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு பல்லாவரம் மலை, திரிசூலம் கோயில் என்று பழைய இடங்களையெல்லாம் சுற்றிக் காட்டுவார். கடைசியில் வந்து நிற்பது எப்போதும் முடிச்சூர் பக்கம், அவர் தெருவை ஒட்டிய ஏரிக்கரையில். அங்கே மீன் செதுக்கிய பழைய கல் ஒன்று உண்டு. தண்ணீர் அந்த மீனின் வாயைத் தொட்டால் ஏரி நிரம்பி வழியும் என்பது ஊர்க்காரர்கள் கணக்கு.

"சரித்திரத்துக்குப் பக்கத்துல வூடு, யாருக்குக் கிடைக்கும்?" என்று சொல்லித்தான் அந்தத் தரைத்தள வீட்டை வாங்கினார். பெரிய சரித்திரம்! கைதட்டிய எங்களில் ஒருவராவது வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டோமா?

போன ஞாயிறு, விடாத மழை சற்றே ஓய்ந்திருந்தது. வானம் மட்டும் கறுத்தே கிடந்தது. கேளம்பாக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த வினிதா கேட்டாள்: "வழிஞ்சா தண்ணி எந்தப் பக்கம் சார் போகும்?"

"நேரா அடையாறுக்குத்தாம்மா. இதோ, இப்டியே..." என்று உற்சாகமாகக் கையை நீட்டிய பாய் அப்படியே நின்றுவிட்டார்.

விரல் அவர் வீட்டு வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே துணி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஹஃபீசா, தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சிரித்தபடி கையசைத்தாள்.

நான் திரும்பிக் கல்லைப் பார்த்தேன். மீனின் வாய் நனைந்திருந்தது.