விடைபெறும் பாட்டில் ஒரு பாங்கு

உம்மா காக்கா என்று கூப்பிடும் அவரது அண்ணன், என் மாமா, பிள்ளைகளை இசை நாடகத்துக்குப் பழக்குகிறவர். மருதமுனையில் அவர் வீட்டு மேல்மாடிதான் எங்கள் பயிற்சிக் கூடம். மாடிப்படி ஏறிக்கொண்டே பாடச் சொல்வார். மூச்சு இரைத்தால் திரும்பவும் கீழே இறங்க வேண்டும். அப்போது நான் அவரை மனதுக்குள் திட்டாத நாளில்லை.

வீட்டை ஒட்டினாற்போல பள்ளிவாசல். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டதும் கீபோர்ட் நின்றுவிடும். நாங்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்போம். முடிந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர வேண்டும். உம்மா ஒரு மூலையில் இருந்து என் நாடக உடுப்புக்கு மணி தைத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

மட்டக்களப்பில் ஒரு போட்டி வந்தது. அதில் வெல்லும் குழுவின் கதாநாயகியைக் கொழும்பில் தங்கவைத்து நாடகம் படிப்பிப்பார்களாம். வாப்பா கட்டாரில் வேலையில் இருந்தார். வீட்டில் நானும் உம்மாவும் மட்டும்தான். மாமா வந்து உம்மாவிடம், "மகளை அனுப்புவாதானே?" என்று கேட்டார். உம்மா தன் காக்காவை மறுத்து ஒரு வார்த்தை கதைத்து நான் கண்டதில்லை.

"ஓம் காக்கா, நீங்க சொன்னாச் சரி" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது. நானோ அப்போதே கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டவள் போல நடந்துகொண்டேன்.

போட்டியில் காலையிலேயே எங்கள் முறை வந்தது. நாடகத்தில், கடலில் காணாமற்போன வாப்பாவைத் தேடித் தோணியேறும் மகள் நான். கரையில் நிற்கும் தாயிடம் விடைபெறும் பாட்டில் சபையே அடங்கிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்துப் பாங்கு கேட்டது. கீபோர்ட் நின்றது. நான் முக்காட்டை இழுத்தேன். மேடையில் எல்லாரும் சிலையாக நின்றோம்.

முன்வரிசையில் இருந்த உம்மாவின் போனில்தான் பாங்கு ஒலித்தது. அவர் அதை அணைத்து முடிப்பதற்குள் சுருதி எனக்குத் தப்பிவிட்டது. பரிசு வேறு குழுவுக்குப் போயிற்று.

"எண்ட கை பட்டுட்டு காக்கா" என்றார் உம்மா. மாமா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உம்மாவைப் பார்த்தார். வேனில் ஏறிக்கொண்டார். ஒரு சுருதி பிசகினாலே வீட்டை இரண்டாக்குகிற மனிதர் ஏன் வாய் திறக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. பாங்குக்கு நின்றது சரிதானே, பிறகு ஏன் தோற்றோம் என்பதும் விளங்கவில்லை.

வரும் வழியெல்லாம் உம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு அழுதார். நான் தோற்றதற்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து எனக்கு மனம் பொறுக்கவில்லை.

"அழாதீங்க உம்மா, அடுத்தமுறை வெண்டு போயிருவன்" என்றேன். அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

காலை பத்து மணிக்கு எந்தத் தொழுகைக்கும் பாங்கு இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.