பெயரில்லாத பட்டன்கள்

பெரம்பலூரில் ஓர் அலுவலகத்துக்கு, ஊழியர்கள் கணினியிலேயே விடுப்பு கேட்கும் மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் நான். அங்கே தொலைபேசிப் பிரிவில் இருந்த மல்லிகாவுக்குப் பார்வை கிடையாது. திரையில் உள்ளதைக் கணினி வாசிக்க, அதைக் காதில் கேட்டு வேலை செய்வார். "என்னால லீவு போட முடியல" என்று இரண்டு முறை புகார் அனுப்பினார். பழகினால் சரியாகிவிடும் என்று பதில் போட்டுவிட்டேன்.

பிறகு வேறு வேலையாக அங்கே போனபோது, "நீங்களே கேளுங்க சார்" என்று ஹெட்போனை நீட்டினார். "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே கேட்டது. நான் படமாக வைத்திருந்த பட்டன்கள் எதற்கும் பெயர் கொடுத்திருக்கவில்லை.

"பக்கத்துல யாரையாவது போட்டுத் தரச் சொல்லலாமேங்க?"

"சொல்லலாம் சார். லீவுக்குக் காரணம் போடணும்ல, என்ன வியாதின்னு அவங்ககிட்ட சொல்லணுமே. கூச்சப்பட்டுக்கிட்டு ரெண்டு மாசமா ஆஸ்பத்திரிக்கே போகல."

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் கொடுத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மல்லிகா விசைப்பலகையில் கைவைத்தவர், சற்றுத் தயங்கினார்.

"சார், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தட்டும் சத்தம் நின்றதும், "போயிடுச்சு சார்!" என்றார். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சி, அவர் திட்டியிருந்தால்கூட வராத குற்ற உணர்வை எனக்குத் தந்தது. இப்போதெல்லாம் எதை எழுதினாலும், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பார்த்த பிறகே யாருக்கும் கொடுக்கிறேன்.