பதினொன்றில் நான்காவது

முதலில் மோதிரத்தைக் கழற்றுவார். பிறகு தன் வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். சோப்புப் போட்டுக் கைகழுவி, விரல் விரலாகத் துடைத்து, கிளினிக் மேஜைமேல் மெத்தென்ற துணியை விரித்த பிறகுதான் "ம், குடு" என்பார் பல் டாக்டர். ஊரார் வாயில் கைவிடும்போதுகூட இவ்வளவு பக்தி கிடையாது என்பது அவர் மனைவியின் அபிப்பிராயம். துணிமேல் வந்து உட்காருவது அந்த மனைவியின் தம்பியுடைய வாட்ச்.

டாக்டரிடமும் ஐந்து இருக்கின்றன. ஒன்றுகூடக் கடையில் வாங்கியதில்லை. எங்கெங்கோ தனியாளாக உட்கார்ந்து வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து மட்டும் செய்கிறவர்களுக்குக் கடிதம் எழுதி, தவம் கிடந்து வாங்கியவை. ஒன்று மணியை மட்டும் காட்டும். நிமிடத்தை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். "கடைல கிடைக்கிறத யாரு வேணாலும் கட்டிக்கலாம்" என்பார், நோயாளி வாயைப் பிளந்துகொண்டு மறுத்துப் பேச முடியாத நேரமாகப் பார்த்து. அடுத்த ஆளுக்கு நேரமாகிவிட்டதா என்று தெரிய வேண்டுமானால் சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

ஆறாவதுக்கு மூன்று வருஷம் காத்திருந்தார். அதில் முள்ளே கிடையாது. சுருள் பள்ளத்தில் கடுகளவு நீலக் குண்டு ஒன்று ஊர்ந்து ஊர்ந்து நேரம் சொல்லும். மொத்தம் பதினொன்றுதான் செய்வேன் என்று சொல்லிவிட்டார் அந்த வாட்ச்காரர். டாக்டரின் ஐந்தில் ஒன்றும் அவர் செய்ததுதான். ஏற்கெனவே தன் வாட்சை வைத்திருக்கும் ஒருவர் சிபாரிசு செய்தால்தான் புதியவர் பெயரைக் குறித்துக்கொள்வது அவர் வழக்கம்.

"எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க அத்தான்" என்றான் மைத்துனன். இவனுக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்று டாக்டருக்குத் தைரியம். அத்தானுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று மாமனார் வீடே பேச வேண்டும் என்ற ஆசை வேறு. மூன்று பக்கம் எழுதினார். பொறுமைசாலி, நுட்பம் தெரிந்தவன், இப்படி ஒரு ரசிகனை நான் கண்டதில்லை. பதில் வந்தது: ஒருவருக்கு ஒன்றுதான், என்னுடையது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே நீங்கள் இவ்வளவு புகழும் மனிதருக்கே நான்காம் எண்ணைத் தருகிறேன்.

அந்தப் பொறுமைசாலி அதைக் கட்டிக்கொண்டு கார் கழுவுகிறான். ஒருநாள் சமையல் மேடையில் முட்டை ஓடுகளுக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டிருந்தான். டாக்டருக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், அதற்கு வேறு நல்ல பெயரெல்லாம் தேட வேண்டாம். அவன் கையில் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆகவே, சாவி கொடுப்பதை மட்டும் அவனுக்குக் கற்றுத் தரவில்லை. "அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு. நீ கை வெச்சுடாத, எங்கிட்ட கொண்டா." நாற்பது சுற்று கொடுத்தால் எட்டு நாள் ஓடும். வாரம் ஒருமுறை வந்தால் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தவன், இந்தப் புதன்கிழமை மத்தியானமே வந்து நின்றான்.

"மறுபடியும் நின்னுடுச்சு அத்தான். எட்டு நாள்னீங்க, மூணு நாள் தாங்க மாட்டேங்குது. செஞ்ச ஆளுக்கே திருப்பி அனுப்பிப் பார்க்கலாமா?"

"அதெல்லாம் வேணாம்!" டாக்டர் பதறிவிட்டார். "நீ கைய ஆட்டுற ஆட்டுக்கு எதுதான் தாங்கும்? குடு இப்படி."

மோதிரம், சோப்பு, துணி எல்லாம் முறைப்படி நடந்தன. பல் பார்க்கும் லென்ஸைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு, பக்கவாட்டுத் திருகை இரண்டு விரலால் பிடித்தார். இரண்டு சுற்றுக்கெல்லாம் உயிர் வந்துவிட்டது. காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கீழே வைக்க மனசில்லாமல் கேட்டார்.

"முழுசா குடுத்துடுங்க அத்தான். இனிமே அடுத்த வாரம்தான் வருவேன்."

"குடுக்கறேன், குடுக்கறேன்."

உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே திருகினார். பதினைந்தாவது சுற்றில் விரலை எடுத்தார். துணியால் இருபக்கமும் துடைத்து, மைத்துனனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, தானே கட்டிவிட்டார்.