எழில் என்று மட்டும்

பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டியபோது நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. ஆணா பெண்ணா என்று ஹேமாவதிதான் கேட்டாள். "டாக்டர் வந்து சொல்வாங்கம்மா" என்று துணியைச் சுற்றிக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள் நர்ஸ்.

சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, ஆண் என்றோ பெண் என்றோ இப்போது பிரித்துச் சொல்லும்படியான உடம்பு இல்லை, சில குழந்தைகள் இப்படியும் பிறப்பதுண்டு, உயிருக்கு எந்த ஆபத்தும் இல்லை என்றார். "ஆபரேஷன் வேணாம். வளரட்டும். தான் யாருன்னு அதுவே சொல்லும்."

ஹேமாவதியின் கணவன் லோகுவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலையில் வேலை. வாங்கிக் கொடுத்தவர் அவன் அண்ணன் சந்திரமோகன். அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்கள். அவர்கள் குடியிருந்த எளாவூரில் வேறு யாருக்கும் தெரியாது. குளிப்பாட்டிவிட வந்த பக்கத்து வீட்டு சாராளைக்கூட ஹேமாவதி வாசலோடு அனுப்பிவிட்டாள். சாராளுக்கு வருத்தம்.

பால் கொடுக்கும்போதெல்லாம் பெயர் தேடினாள். நினைத்த பெயர்கள் எல்லாம் ஆண் பக்கமோ பெண் பக்கமோ போய் நின்றன. 'எழில்' மட்டும் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. லோகுவிடம் சொன்னாள். அவன் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை.

பெயர் வைக்கும் நாள் காலையில் பந்தலில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தபோது சந்திரமோகன் காரில் வந்திறங்கி, நேரே உள்ளே வந்து கதவைத் தாழிட்டார்.

"ஸ்டேட் பார்டர் தாண்டி ஒரு டாக்டரு கீறாரு. சின்ன வேலதான், ஆம்பளப் புள்ளையா ஆக்கிடுவாரு. எழிலரசன்னு பேரு வெச்சிட்டு இப்பவே கெளம்பறோம்."

"ஆபரேஷன் வேணாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க மாமா."

"அவங்களுக்கு இன்னா? தெருவே சிரிக்கப் போறது நம்மளப் பாத்துதான். கொயந்தய குடு."

ஹேமாவதி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். லோகு கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்திரமோகன் கைநீட்டித் துணியைப் பற்றியதும் குழந்தை வீறிட்டது. வெளியே பேச்சு நின்றது.

லோகு எழுந்தான். யார் பக்கம் எழுந்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் வந்து அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"உட்ருண்ணா."

"இன்னாடா சொல்ற?"

"கைய உட்ரு. வண்டிய எடுத்துக்கினு போ."

அதுவரை அண்ணனை எதிர்த்து அவன் பேசியதே இல்லை. சந்திரமோகன் அவனையே பார்த்தார். பிறகு தாழைத் திறந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல் போனார்.

இருவரும் குழந்தையோடு வெளியே வந்தார்கள். அழுது முடித்த தன் முகத்தை ஹேமாவதி துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னா பேரும்மா?" என்றாள் சாராள்.

"எழில்."

"எழிலரசனா, எழிலரசியா?"

"எழில். அவ்ளோதான்க்கா."

யாரோ இருமினார்கள். சாராள் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தாள். "எழிலு" என்று காதில் சொன்னாள். சிலர் அவளைப் போலவே செய்தார்கள். சிலர் சாப்பிடாமல் கிளம்பினார்கள்.

சந்திரமோகன் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. லோகு அதைப் பற்றிப் பேசுவதில்லை. எழில் இப்போது தெருவில் ஓடுகிறது. அடுத்த வருடம் பால்வாடியில் சேர்க்க வேண்டும். டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று ஹேமாவதி இப்போதே ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பார்க்கிறாள். "நானும் கூட வரேன்" என்று லோகு சொல்லியிருக்கிறான்.