பாதியில் நின்ற சாட்சியம்

நீதிமன்ற வராந்தாவில் வழக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மண்ணியல் முனைவர் மங்கையர்க்கரசி அம்மையார் அன்று விடியலில் மாரடைப்பால் காலமாகிவிட்டார். அடுத்த வாய்தாவில் அவர் மீண்டும் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே, பழைய பேட்டரிகளை உருக்கிய ஒரு பட்டறையின் காரீயக் கழிவு, வாய்க்கால் வழியே செல்வராஜ் என்ற விவசாயியின் வயலில் பரவியது. பட்டறை மூடப்பட்டது, காரீயம் மண்ணிலேயே தங்கிவிட்டது. இழப்பீடு கோரி அவருக்காக நான் தொடுத்த வழக்கில், மண்ணை ஆராய்ந்து சாட்சி சொல்ல முன்வந்தவர் அம்மையார்.

முதல் நாளே செருப்பை வரப்பில் விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார். கெட்ட மண்ணைத் தேற்ற இங்கே எவரும் செய்வதைத்தான் செல்வராஜும் செய்திருந்தார். வண்டி வண்டியாகக் கொழிஞ்சியும் வேப்பந்தழையும் போட்டு மிதித்திருந்தார். ஆனால் அந்தப் போகத்து நெல்லில் காரீயம் கூடியிருந்தது. ஏன் என்று அம்மையார் விளக்கினார்.

"பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்ச்சா களிம்பு கரைஞ்சு வருதுல்ல? அதே மாதிரிதாங்க. பச்சைத்தழை அழுகறப்ப அமிலம் ஊறும். மண்ணு புடிச்சு வச்சிருக்கிற காரீயத்தை அது அவுத்து விட்டுடும். வேரு குடிச்சிடும்."

"அப்ப நான் வயல்ல ரசம் வச்சிருக்கேன்னு சொல்லுங்கம்மா" என்றார் செல்வராஜ்.

அம்மையார் சிரித்துவிட்டார். பிறகு, வீட்டிலும் அந்த நெல்லைத்தான் சாப்பிடுகிறார்களா என்று கேட்டார். செல்வராஜ் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாட்சியத்துக்கு முன், தழையைப் பற்றித் தாமாகப் பேச வேண்டாம் என்று அம்மையாரைக் கேட்டுக்கொண்டேன். "கேட்டா மறைக்க மாட்டேன் சார்" என்றார்.

எதிர்த்தரப்பு அதைத்தான் கேட்டது. தழை போட்டதால்தானே காரீயம் நெல்லில் ஏறியது? "சரிதான்" என்றார். அத்துடன் அன்றைய நேரம் முடிந்து குறுக்கு விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. வெளியே வந்ததும் செல்வராஜிடம் சொன்னார்: "பட்டறைக்காரங்க கொட்டலேன்னா கரையறதுக்கே அங்க ஒண்ணும் இருந்திருக்காது. மீதியை அடுத்த வாய்தாவில சொல்லிடறேங்க. தப்பு உங்களுது இல்ல."

குறுக்கு விசாரணை முடியுமுன் இறந்த சாட்சியின் வாக்குமூலத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது வாதத்துக்குரியது. அவர் முன்னரே கூண்டில் பட்டறையைப் பற்றிச் சொன்னதை ஒதுக்கச் சொல்வார்கள். 'சரிதான்' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். நான் வாதிடுவேன். வெல்வேன் என்று சொல்லும் நிலையில் இல்லை. வேறு நிபுணர் எவரும் இதுவரை சாட்சி சொல்ல இசையவும் இல்லை.

இறுதிச் சடங்குக்குச் செல்வராஜ் வந்திருந்தார். "ஆத்துல தண்ணி வந்துடுச்சு சார். வயல்ல என்ன போடறதுன்னு இனிமே யாரைக் கேக்கறது?" என்றார்.

திரும்பும் வழியில் அவர் வயலைப் பார்த்தேன். சுற்றிலும் நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. நடுவே அவர் வயல் மட்டும் நாற்றில்லாமல் தண்ணீர் கட்டிக் கிடந்தது.

அம்மையீர், நீங்கள் சொல்லாமல் விட்ட மீதி எங்கள் இருவருக்கும் தெரியும். நிபுணராகக் கூண்டில் ஏறி அதைச் சொல்லும் தகுதி எங்கள் இருவருக்குமே இல்லை. சென்று வாருங்கள்.