வாலை அமுக்கிய கை

நான் வளர்த்த விஷமில்லாத வெளிநாட்டுப் பாம்பு ஆணா பெண்ணா என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் ஆண் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். 2006 வாக்கில் பம்மலில் எங்கள் தெருவில் பாம்பு வளர்த்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிர்.

ஒரு ஞாயிறு, மாடம்பாக்கத்து நண்பன் ஜோடி சேர்க்கத் தன் பெண் பாம்போடு வந்தான். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது.

"மச்சான், உன்னுது ஆம்பளதானே? காட்டு பாப்போம்."

தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குட்டிப் பாம்பின் வாலடியை லேசாக அமுக்கினால் ஆண்குறி வெளியே வரும் என்று எங்கோ கேட்டிருந்தேன். என்னுடையது நாலடி வளர்ந்த பாம்பு. அமுக்கினேன், ஒன்றும் வரவில்லை. பலமாக அமுக்கினேன். ரத்தம் வந்தது.

ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரத்துக் கால்நடை டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"உள்ளே கிழிஞ்சிருக்கு. இது பொண்ணுங்க. வால் குட்டையா முடியுது பாருங்க. பார்த்தாலே தெரியுமே, எதுக்கு அமுக்கினீங்க?"

நண்பன் என் பக்கம் திரும்பினான்.

"பொட்டையா? இத்தினி நாளா இன்னாத்தடா பீத்திகினு இருந்த?"

நாலாம் நாள் பாம்பு செத்தது. நான் அமுக்கியபோது அது திரும்பி என்னைக் கடித்திருக்கலாம். கடிக்கவில்லை. என் கை அதற்குப் பழகியிருந்தது.

இப்போதும் எவனாவது எல்லாம் தெரிந்தவன் மாதிரிப் பேசினால், நான் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அவன் கையில் எந்த உயிர் சிக்கியிருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.